ஒரு நாற்காலிக்கு 185 பேர் போட்டி!

ஓட்டுச் சாவடிக்குள் நுழைகிறீர்கள். விரலில் மை வைக்கிறார்கள். ஓட்டுப் போடும் மறைவிடத்துக்குப் போகிறீர்கள். அங்கே எத்தனை எந்திரம் இருக்கும்? ஒன்று. மிஞ்சிப் போனால் இரண்டு.

ஆனால் 12 எந்திரங்கள் வரிசையாக நின்றால்?

கதை அல்ல, நிஜம்! 2019-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில், தெலுங்கானா மாநிலம் நிஜாமாபாத் தொகுதி மக்கள் இப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள்.

இருப்பது ஒரே ஒரு எம்.பி. நாற்காலி. அதற்குப் போட்டி போட்டவர்கள் 185 பேர். அதில் 178 பேர் விவசாயிகள்!

எல்லாருக்கும் திடீரென்று பதவி ஆசை வந்துவிட்டதா? இல்லை. டெல்லிக்குப் போக அவர்கள் நிற்கவில்லை. தங்கள் குரல் டெல்லிக்குக் கேட்கட்டும் என்றுதான் நின்றார்கள்.

மஞ்சள் படுத்திய பாடு

நிஜாமாபாத் மஞ்சள் விளையும் பூமி. நம் ஈரோட்டைப் போல அங்கேயும் பெரிய மஞ்சள் சந்தை உண்டு.

மஞ்சள் நமக்கு மங்கலப் பொருள். பயிர் செய்கிறவனுக்கோ அது நீண்ட பாடு. ஆனி, ஆடியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டலாம். எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். வெட்டியதும் விற்க முடியுமா? முடியாது. கிழங்கை வேகவைக்க வேண்டும். நாள் கணக்கில் வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு மெருகு ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூலி!

இவ்வளவும் செய்து சந்தைக்குக் கொண்டு போனால், 2019-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 5 ஆயிரம், 6 ஆயிரம் ரூபாய் என்றுதான் விலை சொன்னார்கள்.

"15 ஆயிரம் ரூபாய் வேண்டும். மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும்" என்று விவசாயிகள் கேட்டார்கள்.

தேயிலைக்கு வாரியம் இருந்தது. காப்பிக்கு இருந்தது. புகையிலைக்குக்கூட இருந்தது! வீட்டுக்கு வீடு சமையலில் சேரும் மஞ்சளுக்கு மட்டும் தனி வாரியம் இல்லை. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

பிப்ரவரி மாதம் ஆர்மூரில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். விலை கிடைக்கவில்லை. தேர்தல் வந்தது. "ஊருக்கு ஊர் நாமே நிற்போம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

நம் ஊர் காட்டிய வழி

இது புது யோசனை அல்ல. 1996-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில், நம் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் திரண்டு நின்றார்கள். மொத்த வேட்பாளர்கள் 1,033 பேர்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு பார்லிமெண்டுத் தேர்தலில், அப்போது ஆந்திராவில் இருந்த நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். அங்கே பிரச்சினை குடிதண்ணீர். நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு அளவுக்கு மேல் இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறியது, எலும்பு வளைந்தது, குழந்தைகள் முடமானார்கள். "கிருஷ்ணா நதித் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்கத்தான் அத்தனை பேரும் நின்றார்கள்.

அப்போது பார்லிமெண்டுத் தேர்தலுக்கு டெபாசிட் 500 ரூபாய்தான். அந்தத் தேர்தலுக்குப் பிறகு 10 ஆயிரம் ஆக்கினார்கள். பின்னர் 25 ஆயிரம் ஆயிற்று. வேடிக்கைக்கு நிற்பவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடாம்! வயிற்றெரிச்சலோடு நிற்பவர்களை அது தடுக்கவில்லை.

25 ஆயிரம் என்றால் சும்மாவா? 5 ஆயிரம் விலைக்குக் கணக்குப் போட்டால், 5 குவிண்டால் மஞ்சள்!

அதிகாரிகள் திண்டாட்டம்

நிஜாமாபாத் வேட்பாளர் பட்டியலைப் பார்த்துத் தேர்தல் அதிகாரிகள் திகைத்தார்கள். ஒரு எந்திரத்தில் 16 பெயர்தான் இடம் பெறும். பழைய மாதிரி எந்திரத்தில் நான்கை இணைத்து 64 பெயர் வரை வைக்கலாம். அதற்கு மேல் முடியாது. பழையபடி ஓட்டுச் சீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில், 24 எந்திரங்கள் வரை இணைக்கக் கூடிய புதிய மாதிரியைக் கொண்டு வந்தார்கள்.

ஒவ்வொரு சாவடிக்கும் 12 எந்திரம். 185 வேட்பாளர்களின் பெயர்கள் முடிந்து, "யாருக்கும் ஓட்டு இல்லை" என்பதற்கு 186-வது பொத்தான். கணக்குப்படி அது 12-வது எந்திரத்தில் 10-வது இடம். கண் மங்கிய பாட்டி ஒருத்தி தன் சின்னத்தைத் தேடி எவ்வளவு நேரம் நின்றிருப்பாளோ!

சுயேச்சைகளுக்குப் பட்டியலில் கடைசி இடம்தான். ஆகவே விவசாயிகளின் பெயர்கள் பெரிய கட்சிகளுக்குப் பின்னால் எந்திரம் எந்திரமாக நீண்டு கிடந்தன.

யாருக்கு வெற்றி?

அப்போது எம்.பி.யாக இருந்தவர் கவிதா. முதல் மந்திரி சந்திரசேகர ராவின் மகள். அவரும் பார்லிமெண்டில் மஞ்சள் வாரியம் கேட்டுப் பேசியவர்தான். எதிர்த்து நின்றார் பாரதீய ஜனதா வேட்பாளர் தர்மபுரி அரவிந்த். "வாரியம் கொண்டு வருவேன். இல்லாவிட்டால் ராஜினாமா" என்று பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்!

மே 23-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். அரவிந்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். கவிதாவுக்கு 4 லட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம். வித்தியாசம் 70,875 ஓட்டு.

விவசாயிகள் 178 பேருக்கும் டெபாசிட் போயிற்று. செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தானே பணம் திரும்பும்? ஆனால் அந்த 178 பேரின் ஓட்டையும் கூட்டிப் பாருங்கள். முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இருந்த வித்தியாசத்தைவிட அது அதிகம்! டெல்லியில் இருந்தவர்களுக்கும் இந்தக் கூட்டல் தெரியாமலா இருக்கும்?

ஆனாலும் வாரியம் உடனே வந்துவிடவில்லை. 2020-ம் ஆண்டு நறுமணப் பொருள் வாரியத்தின் அலுவலகம் ஒன்றை நிஜாமாபாத்துக்குக் கொடுத்தார்கள். "நாங்கள் கேட்டது இது அல்ல" என்றார்கள் விவசாயிகள். 2023-ம் ஆண்டு அக்டோபரில், தெலுங்கானா சட்டசபைத் தேர்தல் நெருங்கிய சமயம், மஞ்சள் வாரியம் அமைக்கப்படும் என்று பிரதமர் மோடி அறிவித்தார்.

2025-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளன்று, தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கியது. நம் வீடுகளில் பொங்கல் பானையில் மஞ்சள் கொத்துக் கட்டும் அதே நாள்! தலைமை அலுவலகம் வேறு எங்கும் இல்லை, நிஜாமாபாத்தில்தான்.

கேட்டது இரண்டு. கிடைத்தது ஒன்று. 15 ஆயிரம் ரூபாய் விலையைச் சர்க்கார் உறுதி செய்யும் ஏற்பாடு அந்த வாரியத்தோடு வரவில்லை.