முன்வரிசை வீரர்

அமெரிக்க நாட்டார் கால்பந்து என வழங்கும் ஆட்டம் யாம் அப்பெயரால் அறிந்ததன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையைக் கடப்பதே அது. அணிக்குப் பதினொருவர். பந்தையுடைய அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர். பந்தை எறிதலோ ஏந்தி ஓடுதலோ இவர்தம் தொழிலன்று. பின்னிற்பாரை எதிரிகள் தீண்டாவண்ணம் தம் உடலால் மறித்தலே இவர் கடன். ஓடினவர்க்கும் எறிந்தவர்க்கும் தூரக்கணக்கு உண்டு. மறித்தவர்க்கு அத்தகைய கணக்கு ஏது?

ஐவருள் நடுநிற்பவரின் பணி கடினமானது. பந்தின் நீளத்தளவே இடைவிட்டு எதிரி நிற்ப, இவர் குனிந்து, பந்தைத் தம் கால்களினூடே பின்னுக்குக் கொடுத்த அக்கணமே நிமிர்ந்து மோதுதல் வேண்டும். இவ்விடத்தில் பதினேழு பருவங்கள் ஆடிய மைக் வெப்ஸ்டர் என்பாரின் வரலாற்றையே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

இவர் 1952இல் விஸ்கான்சின் மாகாணத்திற் பிறந்தார். அம்மாகாணச் சர்வகலாசாலையில் ஆடியபின், 1974இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியினர் இவரை ஐந்தாஞ் சுற்றிலேதான் தெரிந்தெடுத்தனர்; இத்தொழிற்கு இவர் மெய் சிறிதெனக் கருதப்பட்டமையே காரணம். அவ்வணியோ இவர் காலத்தில் நான்கு முறை ‘சூப்பர் பௌல்’ வென்றது. கடுங்குளிரிலும் கைச்சட்டையின்றி வெறுங்கையோடு நின்ற இவரை ‘இரும்பு மைக்’ என்றனர். 1990ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வுற்றார். 1997இல் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார்.

அதற்குள் அவர் நினைவு தடுமாறிற்று. தம் வண்டியிலேயே உறங்கிய இரவுகளும் உண்டு. தலையில் ஏற்ற அடிகளால் அவர் முற்றும் செயலிழந்தாரென 1999இல் ஆட்டக்காரர் ஓய்வூதியக் குழுவே ஒப்புக்கொண்டது. 2002இல், ஐம்பதாம் வயதில், மாரடைப்பால் இறந்தார்.

நைஜீரியாவிற் பிறந்த வைத்தியர் பென்னெட் ஓமாலு அவ்வுடலை ஆராய்ந்தார். மூளை புறத்தே பழுதின்றித் தோன்றிற்று. எனினும் அவர் விட்டாரில்லை. மெல்லிய சீவல்களாக்கிப் பூதக்கண்ணாடியிற் கண்டபோது, ‘டௌ’ என்னும் புரதம் ஆங்காங்கே திரண்டு கிடந்தது. 2005இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆட்டக் கழகத்தின் வைத்தியக் குழுவினர் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கேட்டனர்! ஓய்வூதியக் குழு ஒப்பியதை வைத்தியக் குழு மறுத்தது எமக்கு வியப்பே.

மயங்கி விழச்செய்யும் பேரடிகள் மட்டுமே கேடென்பது பலர் எண்ணம். ஆயின், விழாது தாங்கிய சிற்றடிகள் ஆண்டுக்கணக்கிற் குவிதலே இந்நோய்க்குப் பெருங்காரணமெனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. முன்வரிசையாரோ ஆட்டந்தோறும் அவற்றை ஏற்பவர். 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை, பருவத்தினிடையே முழுக்கவசம் பூண்டு மோதும் பயிற்சிகளைப் பதினான்காகக் குறைத்தது. உயிரோடிருப்பார்பால் இந்நோயை ஐயமறத் தெளியும் வழி மட்டும் இன்னும் கிட்டிற்றில்லை.