முந்திரி என்றால் திராட்சை!

பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடுகிறோமே "முந்திரி, திராட்சை", அந்த இரண்டு வார்த்தைக்கும் ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான் என்றால் நம்புவீர்களா? சித்த மருத்துவத்தில் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று பெயர். கொடியில் காய்க்கிற முந்திரி! இன்று நாம் முந்திரி என்று சொல்லும் பருப்பு, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த மரத்தினுடையது. விருந்தாளியாக வந்தது, வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டது. திராட்சைக்கோ "த்ராக்ஷா" என்கிற வடசொல் நிலைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இருக்கிற பாலக்காட்டுக்குப் போய்ப் பழக்கடையில் முந்திரி என்று கேட்டுப் பாருங்கள். திராட்சைக் கொத்தைத்தான் எடுத்துத் தருவார்கள்.

திராட்சையின் பிறந்த வீடு நம் நாடு அல்ல. மேற்கு ஆசியாவிலும் காகசஸ் மலைப்பகுதியிலும் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் இந்தக் கொடியைப் பழக்கப்படுத்திவிட்டான் என்று மரபணு ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் தெரிவித்தார்கள். ஜார்ஜியா நாட்டில் கிடைத்த 8,000 ஆண்டுப் பழைய மண்ஜாடிகளில் திராட்சை மதுவின் தடயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது, பழமாகத் தின்றதற்குச் சமமாக, புளிக்கவைத்துக் குடிப்பதற்காகவும் வளர்க்கப்பட்ட பயிர் இது.

நமக்கும் அது முதலில் பழமாக வரவில்லை, ஜாடியில்தான் வந்தது! யவனர்கள் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. ரோமாபுரி மது வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த வியாபாரத்தின் ஒரு பாதை நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போயிற்று. மேற்குக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய சரக்கு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, நொய்யல் கரையோடு கரூருக்குப் போகும். சென்னிமலைப் பக்கம் அதே நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் மணியும் இரும்பும் செய்து வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறார்கள். கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் குவியலாக ரோமானியக் காசுகள் கிடைத்தன. பனியன் ஏற்றுமதி செய்து டாலர் பார்க்கிற ஊர் நம்முடையது. ஆனால் நொய்யல்காரர்களுக்கு வெளிநாட்டுக் காசு இரண்டாயிரம் வருடப் பழக்கமுங்க!

கொடியாகத் திராட்சை தமிழ்நாட்டு மண்ணில் நன்றாக வேர் பிடித்தது மிகவும் பிந்தித்தான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. பாதிரியாருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது. அவர்கள் உலகில் எங்கே போனாலும் கொடியும் கூடவே போனது. அந்தப் பழம் இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் சொத்தாகிவிட்டது. நாம் பன்னீர் திராட்சை என்று வாங்குகிற, கொட்டையுள்ள, மணமுள்ள கறுப்புப் பழம்தான் அது. தாவரப் புத்தகத்தில் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கம்பத்துப் பழத்தில் ஒரு அதிசயம் உண்டு. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. நம் ஊரில் தூங்க வைக்கிற குளிர் ஏது? எனவே விவசாயி கத்தரியை எடுத்துக் கவாத்து செய்கிறார். வெட்டிய இடத்தில் புதுத் தளிர் வந்து, பூத்து, ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் கையில் இருக்கும். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை வரைக்கும் எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு நிற்கும். அதனால்தான் வருஷம் பூராவும் திருப்பூர் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை கிடைக்கிறது. விதையில்லாத பச்சைத் திராட்சையோ பெரும்பாலும் மகாராஷ்டிராவின் நாசிக், சாங்லி பக்கத்திலிருந்து வருவது. அதற்குச் சீசன் உண்டு.

மழையும் ஈரமும் வந்தால் திராட்சைக்குப் பூஞ்சாண நோய் வரும். அதற்கு அடிக்கும் போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. பிரான்சில் 1880-களில், சாலையோரக் கொடியில் பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்த இதைத் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிக்கு மட்டும் நோய் வரவில்லை என்று ஒரு பேராசிரியர் கவனித்தார். மருந்தாகிவிட்டது! மயில்துத்தத்தைச் சித்த மருத்துவத்தில் துருசு என்போம். சுத்தி செய்யாமல் தொடமாட்டோம். ஆகவே வாசகர்களே, பழத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழத்தின் இயற்கை மெழுகு. நீலம் கலந்த வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் மருந்தாக இருக்கலாம். எதுவானாலும் கொத்தை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பிறகு குழாயைத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். தள்ளுவண்டியில் வாங்கிய கையோடு வாயில் போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இனி மருந்துக்கு வருவோம். கொடிமுந்திரி இனிப்புச் சுவை, குளிர்ச்சியான தன்மை. தாகம் தணிக்கும், மலத்தை இளக்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, அயர்ன் டேபிள் சூட்டில் நின்று, பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு வருகிற மலச்சிக்கலுக்கு நான் முதலில் சொல்வது, கொட்டையுள்ள கறுப்பு உலர் திராட்சை பதினைந்து இருபதை நன்றாகக் கழுவி, இரவு ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் பிசைந்து அந்தத் தண்ணீரோடு சாப்பிடச் சொல்வதுதான். கூடவே பகலில் தண்ணீர் குடித்தால்தான் பலன்.

ஆனால் இதே திராட்சை மேல் நம் ஜனங்கள் இல்லாத பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை அவருடைய மாமியார் என்னிடம் அழைத்து வந்தார். முகமெல்லாம் வெளுப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

"ஏனுங்க டாக்டர், மூணு மாசமா தினமும் கறுப்பு திராட்சை ஊறவெச்சுக் குடுக்கறனுங்க. ரத்தம் ஊறுமின்னு சொன்னாங்க. இன்னும் இப்பிடியே இருக்கறாளுங்களே?"

"ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்களாம்மா?"

"இல்லீங்க. பழமே குடுக்கறமே, எதுக்குன்னு விட்டுட்டமுங்க."

பரிசோதித்தால் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. மூன்று மாதம் வீணாகிவிட்டது. கணக்கை நீங்களே பாருங்கள். 100 கிராம் உலர் திராட்சையில் இரும்புச்சத்து சுமார் 2 மில்லிகிராம். இருபது திராட்சை என்பது 10 கிராம்கூட வருமோ வராதோ. ஆக, கிடைப்பது 0.2 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாள் தேவை 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. கறுப்பு நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நினைப்பது நிறப் பொருத்தமே தவிர மருத்துவம் அல்ல. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோகை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு அதிக மாதவிடாயா, கொக்கிப்புழுவா என்று காரணம் தேட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து இரும்பு மாத்திரையோ, பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளவு பார்த்துத் தருகிற அன்னபேதிச் செந்தூரமோ, எதுவாவது ஒன்றை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் நிறுத்துங்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. (கம்பெனி டீயை விடச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியாவது குடிக்கலாமே!)

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் பாட்டிலில் ஏற்றுகிறார்களே குளுக்கோஸ், அதை 1747-ல் மார்கிராஃப் என்ற ஜெர்மானியர் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது உலர்ந்த திராட்சையில் இருந்துதான். திராட்சைச் சர்க்கரை என்றே அதற்கு ஜெர்மன் மொழியில் பெயர். புதுப் பழம் 100 கிராமில் 17, 18 கிராம் மாவுச்சத்து; காய்ந்ததில் ஏறக்குறைய 79 கிராம். தண்ணீர் போய்விடுகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது. கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு புதுப் பழத்தைத் தோலோடு சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உலர் திராட்சையில் பொட்டாசியம் அதிகம் என்பதை நினைவில் வைத்து, வைத்தியரைக் கேட்டே சாப்பிட வேண்டும். கடையில் வாங்கும் திராட்சாரிஷ்டத்தில் புளிப்பினால் தானாக உண்டாகும் சாராயச் சத்து உண்டு. டானிக்தானே என்று குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நீங்களாகவே கொடுக்காதீர்கள்.

பளபளவென்று தங்க நிறத்தில் மின்னும் உலர் திராட்சை, கந்தகப் புகை காட்டியதாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும். அவர்கள் வீட்டுக்குக் கறுப்பே நல்லது.

கைக்குழந்தைக்கு மலம் கட்டினால் ஊறவைத்த திராட்சைத் தண்ணீர் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஆறு மாதம் முடிந்த பிறகு, கொதித்து ஆறிய நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒன்றிரண்டு ஸ்பூன் கொடுக்கலாம். அதற்கு முன் தாய்ப்பால் மட்டும்தான். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் கையில் முழுத் திராட்சையைக் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு போய் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் அளவும் உருவமும் அதற்கு. கொட்டையை எடுத்துவிட்டு, நீளவாக்கில் நாலாக நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடி விளையாடும்போது ஒரு பழம்கூட வாயில் வேண்டாம்.