ஈறுகளில் இரத்தம்

காலையில் பல் துலக்கித் துப்பும் நீரில் செந்நிறம் கலந்திருக்கக் கண்டால், நம்மவர் பலர் செய்வது யாது? வேப்பங்குச்சியையும் பிரஷையும் ஒதுக்கிவிட்டு, வெறும் நீரால் வாய் கொப்பளிப்பதே. கடையநல்லூரில் எங்கள் தெருவிலும் இவ்வழக்கம் உண்டு. புண்பட்ட இடத்தைத் தொடலாகாது என்னும் எண்ணம் இயல்பானதே, ஆயினும் பிழையானது.

இரத்தம் கசிவதற்கு முதற்காரணம், பல்லும் ஈறும் கூடும் விளிம்பில் நுண்கிருமிகள் மெல்லிய படலமாகக் குடியேறுவதாகும். நாள்தோறும் அகற்றாவிடின் அப்படலம் இறுகிப் பற்காரை ஆகிறது. கிருமிகளை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு மிகுதியான இரத்தத்தைச் செலுத்துகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது; சற்றே தீண்டினும் இரத்தம் கசிகிறது.

டென்மார்க் நாட்டில் ஹெரால்டு லோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் செய்த சோதனை 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறுகளில் அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது. எனவே, இரத்தம் கண்டு துலக்குவதை நிறுத்துவது நோயை வளர்ப்பதேயாகும்.

மென்மையான பிரஷால் காலையும் இரவும் இரண்டு நிமிடம் அழுத்தாமல் துலக்குக. செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் ஈறைக் கீறும். "அழுத்தித் தேயுங்கள்" என்று மாணவர்க்குச் சொன்னவன் நானும். இன்று அதைத் திருத்திக்கொள்கிறேன்.

இறுகிய பற்காரையைப் பல் மருத்துவரே கருவியால் நீக்க இயலும். நீக்கினால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். காரை பல்லைத் தாங்குவதில்லை. அதனைச் சூழ்ந்த அழற்சியே எலும்பை அரித்துப் பல்லை ஆடச் செய்கிறது.

வேறு காரணங்களும் உள. 1747இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர், ஈறு அழுகிய மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அவர்கள் நலமுறக் கண்டார். அப்பழங்களிலுள்ள வைட்டமின் சி நம் நெல்லிக்கனியிலும் கொய்யாவிலும் நிறைய உண்டு. எனினும், கனி உண்பது பல் துலக்குதலுக்கு ஈடாகாது. நீரிழிவும், கருவுற்ற காலமும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்துகளும் கசிவை மிகுவிக்கும். புகைபிடிப்போர்க்குக் கசிவு குறைந்து, உள்ளிருக்கும் நோய் மறைந்து நிற்பதும் உண்டு.

இரண்டு வாரம் முறையாகத் துலக்கியும் கசிவு நில்லாவிடின் பல் மருத்துவரை நாடுக. ஈறுகளோடு மூக்கிலும் இரத்தம் வடிந்தாலோ, தோலில் காரணமின்றிக் கன்றிய தடங்கள் தோன்றினாலோ, ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்க.

நாளைக் காலை செந்நிறம் கண்டால், பிரஷைக் கீழே வைத்துவிடாதீர்கள்.