வேர் சிகிச்சை முடிந்ததா? வேரைக் காத்துக்கொள்ளுங்கள்!

ரூட் கெனால் எனும் வேர் சிகிச்சையில் வலி நின்றதும், தற்காலிக அடைப்போடு துறைமுகத்திற்கோ எண்ணூர்த் தொழிற்சாலைக்கோ வேலைக்குத் திரும்பிவிடுவோர் நம்மில் பலர். பிறகொரு நாள் எலும்புக் கறியைக் கடிக்கையில் பல் பிளந்துவிட்டால், சிகிச்சையே வீண் என்கிறோம். உண்மை அதுவன்று, வாசகர்களே!

சொத்தையும், அதை அகற்றக் குடைந்த குழியும் பல்லின் சுவர்களை மெலியச் செய்கின்றன. வெள்ளி அடைப்பு குழியை நிரப்புமேயன்றிச் சுவர்களோடு தானாக ஒட்டாது. பல் நிறக் காம்போசிட் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிணைக்கிறது.

மேற்பகுதி பெரிதும் சிதைந்திருந்தால், அங்கே கட்டும் அடைப்பைப் பிடித்து நிறுத்த வேருக்குள் ஒரு தண்டு பொருத்துவர். எஃகுத் தண்டு பல்லின் உட்திசுவைவிட ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. பல் சற்றே வளையும். எஃகு வளைந்து கொடுக்காது. அழுத்தம் வேரில் குவிந்து, வேர் நெடுக்காகப் பிளந்தால் பல்லைப் பெரும்பாலும் பிடுங்கவே நேரும். காசிமேட்டு ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கண்ணாடி இழையாலான தண்டுகளும் உண்டு. அவை பல்லோடு ஓரளவு ஒத்து வளையும். சுமை மிகுந்து தண்டு கழன்றாலும் வேர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

எனினும் இயற்கைப் பல்லுக்கு ஈடான பொருள் இல்லை. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் பல் எஞ்சியிருந்து, 'கேப்' அதைத் தழுவிப் பிடித்தால் பிளவின் அபாயம் குறையும். ஆகவே கடைவாய்ப் பல்லாயின், வலி நின்ற கையோடு நிரந்தர அடைப்பையும் கேப்பையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். செலவுக்கு அஞ்சுவோர், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். தாமதம் வேண்டாம்!