பிஎச்.டி. முடித்த பிள்ளை மீண்டும் ஆராய்ச்சி என்றால்... பெற்றோர் அறிய வேண்டியவை

அடி அண்ணாமலையிலிருந்து ஜும்ஆவுக்கு வந்த ஒரு சகோதரர், தொழுகை முடிந்ததும் நம்மிடம் மனம் விட்டுப் பேசினார். "ஹஜ்ரத், மகன் வேதியியலில் பிஎச்.டி. முடித்துவிட்டான். வயது 34. இப்போது இன்னும் 2 வருடம் ஆராய்ச்சி என்கிறான். இந்தப் படிப்புக்கு முடிவே இல்லையா?"

நாம் மதரஸாவிலும் பிறகு கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள். ஆய்வகம் நமக்குப் பழக்கமில்லை. ஆகவே விவரமறிந்தவர்களிடம் விசாரித்தோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். இது படிப்பல்ல, சம்பளத்துடன் கூடிய வேலை. ஆலிம் ஸனது வாங்கிய சிலர், ஒரு துறையில் ஆழம் பெற பெரிய உஸ்தாதிடம் போய் அமர்வார்கள் அல்லவா? அதுபோல முனைவர் பட்டம் பெற்றவர் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றுவதையே 'போஸ்ட் டாக்டரல்' பணி என்கிறார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பேராசிரியர் பெற்ற ஆய்வுத் திட்டத்தில் 'ரிசர்ச் அசோசியேட்' ஆகச் சேர்வது. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2023 உத்தரவுப்படி மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என மூன்று நிலைகள். வீட்டு வாடகைப்படி தனி.

மற்றொன்று, தன் பெயரிலேயே உதவித்தொகை பெறுவது. தேசிய போஸ்ட் டாக்டரல் உதவித்தொகை அறிவியல், பொறியியல் இரண்டுக்கும் உண்டு, 2 ஆண்டுகள். வழிகாட்டும் பேராசிரியரின் சம்மதம் பெற்று, ஆய்வுத் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்க வேண்டும்.

இது நிரந்தர வேலை இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஐ.ஐ.டி.களில் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பணிக்கு, பிஎச்.டி.க்குப் பிந்தைய 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவம் இங்கேதான் கிடைக்கிறது.

இனி, நம் குடும்பங்கள் கோட்டைவிடும் இடத்தைச் சொல்கிறோம். அந்த தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் ஓ.பி.சி. பிரிவினருக்கும் 5 ஆண்டு சலுகை உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தம் பிரிவு அதில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் மாநில அரசுக்கான 'பி.சி. முஸ்லிம்' சான்றிதழ் மட்டுமே. ஒன்றிய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களே அதைப் பெற முடியும். அறிவிப்பு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் தேதி போய்விடும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமணம், குழந்தை என்று ஆய்வை நிறுத்திய பெண்கள் மீண்டும் தொடர, ஒன்றிய அரசு 'வைஸ் கிரண்' என்ற திட்டத்தை நடத்துகிறது. சம்பந்தம் பேசும்போதே மகளின் ஆய்வைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

தூரம் என்றும் அஞ்ச வேண்டாம். சென்னையில் ஐ.ஐ.டி., வேலூரில் வி.ஐ.டி. இருக்கின்றன. நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனமும் இத்தகைய ஆய்வாளர்களை எடுக்கிறது.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "பாய், மகனைத் தடுக்காதீர்கள். 35 தாண்டுவதற்குள் சான்றிதழை வாங்கிக் கொடுங்கள். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்."