மூளை வந்த வழி

மனித மூளை படிப்படியாக வளர்ந்ததா, பேரறிவு ஒன்று திட்டமிட்டு வகுத்ததா? இவ்வினா பழையது. 1858-ல் டார்வினுடன் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட வாலஸ் என்பாரே, 1869-ல், மனித மூளைக்கு அக்கொள்கை போதாது, மேலானதோர் அறிவு அதனை நடத்தியிருத்தல் வேண்டும் என்றார். டார்வின் அதனை ஏற்றிலர்.

பின்னர் மண்ணே சான்று பகர்ந்தது. 1974-ல் எத்தியோப்பியாவில் எலும்புகளாகக் கிடைத்த 'லூசி' ஏறக்குறைய 32 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவள். அவள் இனத்தார் இரு காலால் நடந்தனர். அவர்தம் மூளையோ நம் மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. முதலிற் கால் நிமிர்ந்தது. பன்னெடுங்காலம் கழித்தே தலை பெருத்தது. இறைவன் உளனா என்பது வேறு வினா. மூளை வளர்ந்து வந்தது என்பதை எலும்புகளே காட்டுகின்றன.

நடுவண் பாடத்திட்டத்தில் 2023-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. அறிவியலாரும் ஆசிரியருமாக 1,800-க்கு மேற்பட்டோர் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருந்தது. ஆயின் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து எழுத்தர் வேலையிற் புகுந்த நம்மனோர்க்கு அஃது எட்டாக்கனியே. திருப்பூணித்துறையில் அந்நூலைப் பயின்ற நம் சிறார்க்கு, விடுபட்டதை இல்லத்தில் நாமே எடுத்துரைப்போமாக.