புதிய எலும்பும் பழைய கேள்வியும்

1668ஆம் ஆண்டில் வெளியான டச்சு மருத்துவ நூலொன்றில் விந்தையான செய்தியொன்று காணப்படுகிறது. மண்டையோடு உடைந்த ரஷ்யப் பிரபு ஒருவருக்கு நாயின் எலும்புத் துண்டை வைத்து மருத்துவர் குணப்படுத்தினாராம். விலங்கின் எலும்பைத் தாங்கியவரை அந்நாட்டுத் திருச்சபை விலக்கி வைத்தது. அதனை அகற்றுமாறு அவர் வேண்டியபோதோ, எலும்பு உடலோடு ஒன்றிப் போயிருந்தது!

எதனை உடலில் சேர்க்கலாம் என்பது அன்றைய கேள்வி. அது யாரிடமிருந்து, எவ்வழியில் பெறப்பட்டது என்பதே நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

விபத்தாலோ புற்றுநோயாலோ எலும்பின் பெரும்பகுதியை இழந்தோர்க்கு, அவர்தம் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது எடுத்து ஒட்டுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் அங்குக் கிடைப்பது கொஞ்சமே. எடுத்த இடத்தில் வலியும் நீடிப்பதுண்டு. ஆகவே அறிஞர்கள் எலும்பை உருவாக்கவே முனைந்தனர். கால்சியம் பாஸ்பேட்டினால் நுண்துளைகள் நிறைந்த சட்டமொன்றைச் செய்து, நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்' எனும் மூல உயிரணுக்களை அதில் வளர்க்கின்றனர். கொடிக்குப் பந்தல் போன்றது அச்சட்டம்.

எனினும் இரத்தம் எட்டாத நடுப்பகுதியில் உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன. எலும்பை வளரத் தூண்டும் ஆற்றல் எலும்பினுள்ளேயே உண்டு என்பதை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். அதற்குக் காரணமான புரதத்தைச் சுரக்கச் செய்யும் மரபணுவையோ, இரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுவையோ, தீங்கு செய்யும் திறன் நீக்கப்பட்ட வைரஸ் வழியே உயிரணுக்களில் இன்று சேர்க்கின்றனர். விலங்குகளில் இம்முறை நற்பயன் தந்துள்ளது. ஆயினும் வேண்டாத இடத்தில் எலும்பு வளர்வதும், கட்டி தோன்றுவதும் அஞ்சத்தக்கவை. எனவே இது பொதுச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

திருச்சபை இதனை எங்ஙனம் நோக்குகிறது? வளர்ந்த மனிதரின் மூல உயிரணுக்களைக் கொண்டே ஆய்வு நடைபெற வேண்டுமெனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29இல், உறுப்பு மாற்று மருத்துவர்களின் உரோமை மாநாட்டில் வலியுறுத்தினார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் பெர்சோனே' எனும் அறிவுறுத்தல் இன்னும் தெளிவானது. கொடுப்பவர்க்குப் பெருந்தீங்கின்றி வளர்ந்த உடலினின்றும், மகப்பேற்றின்போது தொப்புள்கொடி இரத்தத்தினின்றும் மூல உயிரணுக்களை எடுப்பது தகும். நோய் தீர்க்கும் நோக்குடன் உடல் உயிரணுக்களின் மரபணுவை மாற்றுவதும் கொள்கையளவில் தகும். ஆனால் உயிருள்ள மனிதக் கருவை அழித்துப் பெறுவது ஒருபோதும் தகாது. ஒருவரின் எலும்புக்காக இன்னோர் உயிரைப் பலியிட இயலுமோ?

துயருற்ற குடும்பம் எவர் சொல்லையும் நம்பத் துணியும். நிலைபெற்ற இரத்த மூல உயிரணு மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, முறையான ஆய்வுக்கு வெளியே மூல உயிரணுச் சிகிச்சை அளிப்பது அறமன்று என 2017இல் இந்திய அரசின் நெறிமுறைகள் எச்சரித்தன. எனவே இச்சிகிச்சை தருவதாக எவரேனும் கூறினால், பணத்தைக் கொடுக்குமுன் நாம் இரண்டு கேள்விகளைத் தயங்காது கேட்போம்: இவ்வுயிரணு யாரிடமிருந்து வந்தது? இது ஒப்புதல் பெற்ற ஆய்வுதானா? நேரிய விடை கிடைக்குமாயின், மருத்துவரின் அறிவுக்காக இறைவனுக்கு நன்றி கூறி நாம் அதனை ஏற்கலாம்.